பதிமூன்றாம் நம்பர் டிரைவர்

அத்தியாயம் 11

குப்பை லாரி டிப்போவுக்குள் நுழைந்தபோது ரைட்டு மட்டும்தான் மூக்கைப் பொத்தவில்லை. டவுன் பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் 'ரைட், ரைட்' சொல்லி அந்தப் பேரே ஒட்டிக்கொண்ட கண்டக்டர்; இப்போது வக்கீலம்மாவுக்கு உதவியாள். கோடை வெயிலில் எண்பது பேர் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்து நிற்கிற பஸ்ஸுக்குள் புகுந்து புறப்பட்ட மூக்கு அது. குப்பையெல்லாம் அதற்கு ஜுஜுபி.

"ஞாபகம் இருக்கட்டும்," என்றார் வக்கீலம்மா, உதடு அசையாமல். "நீங்க இந்தப் பொண்ணுக்குப் பெரியப்பா. நான் சித்தி."

"பெரியப்பாவும் சித்தியும் ஜோடியா வந்தா, குடும்பத்துல ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்களே மேடம்."

"ரைட்டு!"

"வாயை மூடிட்டேன்."

வக்கீலம்மா கறுப்பு அங்கியைக் கழற்றி ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பொய் சொல்கிறவர்களுக்காக வாதாடிச் சலித்துப்போய், பொய்யைக் கண்டுபிடிக்கிற தொழிலுக்கு வந்தவர். துப்பறியும் அலுவலகம் என்று போர்டு மாட்டியும் ஊர் அவரை வக்கீலம்மா என்றுதான் கூப்பிட்டது.

அவர்களுக்குப் பின்னால் காலித் துணிப்பையோடு அந்தப் பெண் நடந்து வந்தாள். வயது முப்பது இருக்கும். திங்கட்கிழமைவரை அவளுக்கு ஒரு புருஷன், ஒரு தம்பி. இருவருக்கும் இந்த டிப்போவில்தான் வேலை. இருவரும் ஒரே லாரி. புருஷன் ஏழாம் நம்பர் டிரைவர். தம்பி அதே லாரியில் லோடுமேன்.

திங்கட்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்குக் குப்பைக் கிடங்கின் சரிவு மேடையில் ஏழாம் நம்பர் லாரி ரிவர்ஸில் வந்தது. தம்பி பின்னால் நின்று சைகை காட்டிக்கொண்டிருந்தான். நிற்க வேண்டிய கோட்டில் லாரி நிற்கவில்லை. தம்பிக்குப் பின்னால் இருந்தது கான்கிரீட் சுவர்.

டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டுக் கிடங்கு ஆட்கள் கொடுத்த அடியில் இரண்டு விலா எலும்பும் ஒரு கையும் முறிந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில், போலீஸ் காவலில் கிடந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை மச்சானும் மாமனும் டிப்போ வாசலில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கொலை வழக்கு எழுதப் பேனாவைத் திறந்து வைத்துவிட்டார்.

நேற்று வக்கீலம்மாவின் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு டூட்டிக்குப் போனவரு, திங்கக்கிழமை வரைக்கும் வீட்டுக்கே வரல மேடம். டிப்போ ரெஜிஸ்டர்ல ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கே டூட்டி முடிஞ்சு கிளம்பி, திங்கக்கிழமை காலைல அஞ்சு மணிக்குத்தான் மறுபடி வந்தாருன்னு இருக்காம். அந்தப் பதினாலு மணி நேரம் அவரு எங்க இருந்தாரு?"

"அவரையே கேட்டியா?"

"கேட்டேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

"டிப்போவுல?"

"டைம் கீப்பர் சார் சிரிச்சாரு. 'ஆம்பளை பதினாலு மணி நேரம் வீட்டுக்கு வரலேன்னா எங்க இருந்திருப்பான்னு பொண்டாட்டி வெளிய கேக்கலாமா'ன்னாரு."

அந்த டைம் கீப்பர் இப்போது அவர்களை எதிர்கொண்டு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. பாக்கெட்டில் மூன்று நிறப் பேனா. பன்னிரண்டு லாரிக்கும் பதிமூன்று டிரைவருக்கும் யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு ஓவர்டைம், யாருக்கு லீவு என்று எழுதுகிற கை அவருடையது. குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

"தம்பி சாமான் வாங்க வந்தீங்களா? வாங்க வாங்க. இவங்க?"

"பெரியப்பா," என்றார் ரைட்டு.

"சித்தி," என்றார் வக்கீலம்மா.

டைம் கீப்பர் இருவரையும் ஒரு கணம் மாறி மாறிப் பார்த்தார். ரைட்டு வக்கீலம்மாவைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேனே என்று எழுதி ஒட்டியிருந்தது.

உடை மாற்றும் அறையில் தகர அலமாரியைத் திறந்து, டைம் கீப்பர் கையிலிருந்த பட்டியலை வாசித்தார். "லுங்கி ஒண்ணு. சாப்பாட்டு டப்பா ஒண்ணு. செருப்பு ஒரு ஜோடி. கம்பூட்ஸ் கிடையாதும்மா, அது கம்பெனிச் சொத்து. அவன் போட்டிருந்த ஜோடியும் வீணாப்போச்சு. போகட்டும், அதுக்குப் பிடித்தம் வேணாம்னு நானே எழுதிட்டேன்."

"அந்த லாரி எங்க இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"எந்த லாரி? ஓ, ஏழா? லைன்ல போயிருக்கும்மா. அன்னைக்குச் சாயங்காலமே பின்பக்கத்தைக் கழுவி அனுப்பிட்டோம். ஊர்க் குப்பை நமக்காக நிக்குமா?"

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தாள். திங்கட்கிழமைச் சோறு உள்ளேயே இருந்தது. மூடிவிட்டாள்.

பார்வையைத் திருப்பிய ரைட்டுவின் கண்ணில் சுவரோரம் இருந்த கம்பூட்ஸ் அடுக்கு பட்டது. ஒன்று முதல் பதிமூன்றுவரை நம்பர் எழுதிய மரத் தட்டுகள். காலை ஷிஃப்ட் ஆட்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு போய்விட்டதால் பெரும்பாலான தட்டுகள் காலி. மிச்சமிருந்த பூட்ஸ்கள் எல்லாம் ஓரம் கிழிந்து, கணுக்கால்வரை கறுத்து, ஊர்ப் பாவத்தையெல்லாம் மிதித்த நிறத்தில் இருந்தன.

பதிமூன்றாம் தட்டில் இருந்த ஜோடியை ரைட்டு தூக்கிப் பார்த்தார். அடிப்பாகத்தில் விலைச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது.

டைம் கீப்பர் அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார். ரைட்டு குரலைத் தாழ்த்தினார். "மேடம், வாசல்ல ஷிஃப்ட் சார்ட் பார்த்தீங்களா? பதிமூணாம் நம்பர்தான் இந்த டிப்போவுலயே அதிக ஓவர்டைம். வாரத்துல ஆறு நாள் ராத்திரி ஷிஃப்ட். ஆனா பூட்ஸ் தரையிலயே படல."

"அதனால?"

"பேய்க்குக் கால் கிடையாதுன்னு சின்ன வயசுல சொல்லிக் குடுத்தாங்க. லைசென்ஸ் உண்டான்னு தெரியாது."

வக்கீலம்மா பூட்ஸை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சார்ட்ல நான் இன்னொண்ணு பார்த்தேன். மத்த டிரைவருக்கெல்லாம் சொந்த வண்டி இருக்கு. பதிமூணுக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை காலை ஏழாவது லாரியை ஏழாம் நம்பர் ஓட்டியிருக்காரு. சாயங்காலம் அஞ்சு மணியிலேர்ந்து விடியக்காலை மூணு மணி வரைக்கும் அதே லாரியை யாரு ஓட்டினது?"

"பதிமூணா?"

"மறுபடி திங்கக்கிழமை காலை அஞ்சு மணிக்கு?"

"ஏழு." ரைட்டு விரல் விட்டு எண்ணினார். "மேடம், அப்படின்னா அந்தப் பதினாலு மணி நேரம்..."

"அவ புருஷன் எங்கேயும் போகல ரைட்டு. ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. வாங்க, ரெஜிஸ்டரைப் பார்ப்போம்."

டைம் கீப்பரின் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரிக்குள் 'விபத்தில்லா ஆண்டு' என்று எழுதிய கேடயம். பக்கத்தில், அதை வாங்கிய அன்று டிப்போ ஆட்கள் வரிசையாக நின்று எடுத்த போட்டோ. ரைட்டு அதன் முன்னால் போய் நின்றார். முதல் வரிசையில் கேடயத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது இறந்துபோன தம்பிதான். பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தான்.

"மாப்பிள்ளை எப்ப வந்தான், எப்ப போனான்னு எங்களுக்கும் தெரியணும் சார்," என்றார் வக்கீலம்மா, அசல் சித்தியின் குரலில். "கட்டின பொண்ணு வாழ்க்கையாச்சே."

"தாராளமா. போலீஸே பார்த்துட்டுப் போயிட்டாங்க." டைம் கீப்பர் ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். "சட்டம் என்ன சொல்லுது? ஒரு டிரைவர் ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது. ஒரு ஷிஃப்ட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பத்து மணி நேரம் ஓய்வு. நான் எவ்வளவு குடுத்திருக்கேன்? பதினாலு. மேல நாலு மணி நேரம் போனஸ். அதைத் தூங்காம வேற எங்கயோ செலவு பண்ணினா, நான் போய்த் தாலாட்டு பாட முடியுமா?"

அவள் தலை குனிந்தே இருந்தது.

"இந்தப் பதிமூணாம் நம்பர் நல்ல உழைப்பாளி போல இருக்கே," என்றார் வக்கீலம்மா. "தினமும் கையெழுத்து இருக்கு. ஆளைப் பார்க்கலாமா?"

பஞ்சுக் குரலில் முதல்முறையாக ஒரு சிறு கல் தட்டுப்பட்டது. "ராத்திரி ஷிஃப்ட் ஆளு. பகல்ல தூங்குவாரு."

ரைட்டு ரெஜிஸ்டர் மேல் குனிந்தார். டிக்கெட் கணக்கும் டிரிப் சீட்டும் எழுதி எழுதிக் கண் தேய்ந்தவர். மையைப் பார்த்தால் எழுதிய ஆளின் ஜாதகம் சொல்வார். பன்னிரண்டு டிரைவர்களின் கையெழுத்தும் சுத்தமாக இருந்தது. பதிமூன்றாம் நம்பர் மட்டும் ஒவ்வொரு நாளும் இழுபட்டிருந்தது. ஈர மையின் மேல் கை உரசிக்கொண்டே போன தடம்.

"இந்த ஆளு இடதுகைப் பழக்கம்," என்றார் ரைட்டு. "எங்க டிப்போவுல ஒருத்தன் இருந்தான். அவன் எழுதின டிரிப் சீட்டையெல்லாம் மாடு நக்கினதுன்னு சொல்வோம். எழுதிக்கிட்டே போறப்ப கை பின்னாடியே வந்து அழிக்கும்."

வக்கீலம்மா நிமிர்ந்து போட்டோவைப் பார்த்தார். ரைட்டுவும் பார்த்தார். மற்ற இருபது பேரும் இடது மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருந்தார்கள். கேடயத்தைப் பிடித்திருந்த தம்பி மட்டும் வலது மணிக்கட்டில்.

வக்கீலம்மா ரெஜிஸ்டரை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தினார். "இது யாரு கையெழுத்துன்னு தெரியுதாம்மா?"

அவள் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவள். சிலேட்டில் அவன் கையைப் பிடித்து எழுத வைத்தவள். அவள் முகம் வெளுப்பதை ரைட்டு கண்ணால் பார்த்தார்.

"தெரியல," என்றாள்.

டைம் கீப்பர் நாற்காலியில் சாய்ந்தார். எழுந்து ஓடுவார் என்று ரைட்டு எதிர்பார்த்திருந்தார். அவரோ நிம்மதியாக மூச்சு விட்டார்.

"எதுக்கும்மா மறைக்கறே? உன் தம்பி கையெழுத்துதான். எனக்கே இப்பத்தான் புரியுது. லோடுமேனா இருந்துக்கிட்டு, இல்லாத டிரைவர் பேர்ல கையெழுத்துப் போட்டிருக்கான். மாமனை ராவும் பகலும் ஓட்ட வெச்சிருக்கான். அந்தச் சம்பளத்துல பங்கு போட்டிருப்பாங்க. நான் ரெஜிஸ்டரை நம்பறவன். ஆளை எண்ணிப் பார்க்கிறது என் வேலை இல்ல." வக்கீலம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சித்தி இல்லேன்னு வாசல்லயே தெரிஞ்சுது மேடம். எங்க வேணும்னாலும் போங்க. செத்தவனைத்தானே பிடிக்கணும்? பிடிச்சுக்கங்க."

புருஷனைக் காப்பாற்ற வந்தவள் கையில் தம்பியின் பிணத்தை இரண்டாவது தடவை தூக்கிக் கொடுத்தாகிவிட்டது. அதைச் செய்ததில் தன் வாய்க்கும் பங்கு உண்டு.

"தங்கச்சி..." என்று ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா மட்டும் அவசரமே இல்லாமல் பக்கத்தைத் திருப்பினார்.

"சரி சார். எல்லாம் செத்தவன் வேலைதான். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாது."

"திங்கக்கிழமை பகல்ல செத்துட்டான். அதுக்கப்புறம் பதிமூணாம் நம்பருக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்ல."

"இல்ல."

"புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவனைப் புதைச்சாங்க." வக்கீலம்மாவின் விரல் ஒரு வரியில் நின்றது. "அதே புதன், அதே அஞ்சு மணி, நாலாவது லாரி. பதிமூணாம் நம்பர் டூட்டிக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்காரு. மண்ணைத் தட்டிட்டு எழுந்து வந்தாரா?"

டைம் கீப்பரின் நாற்காலி மெல்ல நேரானது.

"அதுவும் சுத்தமா போட்டிருக்காரு," என்றார் ரைட்டு, எட்டிப் பார்த்து. "இழுபடவே இல்ல. செத்த பிறகு வலதுகைப் பழக்கம் வந்திருக்கு."

"ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ நீங்க கையெழுத்துப் போடணும்," என்றார் வக்கீலம்மா. "பதிமூணுக்கும் நீங்களே போட்டா, தணிக்கைக்காரங்க ஒரே நாள்ல பிடிச்சிருப்பாங்க. அதனால வேற ஒரு கை வேணும். அந்தக் கை திங்கக்கிழமை போச்சு. புதன்கிழமை வண்டி ஓடியாகணும், டிரைவர் பத்தல. ரெஜிஸ்டர்லயே தெரியுது, மூணு வருஷப் பழக்கம் சார். யோசிக்காமலே எழுதிட்டீங்க."

டைம் கீப்பரின் கை ரெஜிஸ்டரை நோக்கிப் பாய்ந்தது. ரைட்டுவின் கை முந்திக்கொண்டது. ஓடுகிற பஸ்ஸில் ஜேப்படிக்காரனிடமிருந்து காசுப்பையைக் காப்பாற்றின அதே கை. ரெஜிஸ்டர் அவர் அக்குளுக்குள் போய்விட்டது.

"ரைட்!" என்றார். "பின்னாடி எடமிருக்கு, தள்ளி நில்லுங்க சார்."

வெளியே லாரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. மணி மூன்று. காலை ஷிஃப்ட் முடிகிற நேரம். இதற்காகத்தான் வக்கீலம்மா இரண்டரை மணிக்கு மேல் வந்திருந்தார். சட்டென்று அறைக் கதவைத் திறந்தார்.

டிரைவர்கள் கையெழுத்துப் போடத் தாழ்வாரத்தில் நின்றிருந்தார்கள். ஒன்பது பேர். எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. அவர்களில் உயரமான ஒருவரைப் பார்த்து அந்தப் பெண்தான் முதலில் பேசினாள்.

"நாலாம் நம்பர் அண்ணே. அவரு உங்களை அண்ணன்னுதானே சொல்வாரு? சாவுக்குக்கூட நீங்க வரலியே. ஏன் வரல?"

அந்த ஆள் டைம் கீப்பரைப் பார்த்தார். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார்.

"வண்டி ஓட்டிட்டிருந்தேம்மா."

"உங்க ஷிஃப்ட் மூணு மணிக்கு முடிஞ்சுடுமே," என்றார் வக்கீலம்மா.

"அஞ்சு மணிக்குப் பதிமூணாம் நம்பரா ஏறினேன்." பூட்ஸ் முனையைத் தரையில் தேய்த்தார். "என் பொண்ணு பிரசவத்துக்கு லீவு கேட்டிருந்தேன். இவருகிட்ட ஒரு கணக்கு உண்டு. மூணு பதிமூணுக்கு ஒரு லீவு. மாட்டேன்னா வருஷம் முழுக்க லீவே கிடையாது. வருஷக் கணக்கா எல்லாரும் பதிமூணா ஓட்டியிருக்கோம். சம்பளம் யாரு வாங்கறாங்கன்னு கேட்டதில்ல."

"என் தம்பி?"

"பாவம்மா அவன். டிரைவர் ஆகணும்னு பைத்தியமா இருந்தான். 'பதிமூணாம் நம்பர் உனக்குத்தான்டா, கையெழுத்தைப் போட்டு சீட்டைச் சூடா வெச்சுக்கோ, அடுத்த வருஷம் உன்னையே ஏத்தி விடறேன்'னு இவரு சொன்னாரு. அவனும் எங்க காலைப் பிடிச்சு, கையைப் பிடிச்சு ஓட்ட வைப்பான். சனிக்கிழமை உன் வீட்டுக்காரரு இனிமே முடியாதுன்னுட்டாரு. அதுக்குத்தான் சண்டை. ஆனா ஞாயித்துக்கிழமை அவன் மறுபடி கெஞ்சினதும் அவனுக்காகவே ஏறிட்டாரு."

வக்கீலம்மா மற்ற எட்டுப் பேரையும் பார்த்தார். "நீங்களும் இதைச் சொல்வீங்களா?"

ஒருவர் இருமினார். ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்தவர் மெதுவாக நழுவி, சாயங்கால ஷிஃப்ட் சார்ட்டில் தன் நம்பர் எங்கே இருக்கிறது என்று தேடப் போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் தாழ்வாரத்தில் நாலாம் நம்பர் மட்டும்தான் நின்றார்.

டைம் கீப்பருக்குப் பஞ்சுக் குரல் திரும்பிவிட்டது. அவர் வக்கீலம்மாவிடம் பேசவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"பாரும்மா. இவங்க இன்னைக்கு வருவாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. உன் தம்பி கையெழுத்துன்னு நீ சொன்னாத்தான் இந்தக் கேஸே நிக்கும். வேற யாருக்கும் அவன் கை தெரியாது. சொன்னா என்ன ஆகும்? மோசடிக்காரன் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கிடையாது. உங்கம்மாவுக்கு வேற பிள்ளை இருக்கா? இதைத்தான் உன் புருஷன்கிட்டயும் ஆஸ்பத்திரியில சொன்னேன். தினமும் ஆப்பிள் வாங்கிட்டுப் போய்ச் சொல்றேன். அவனுக்குப் புரிஞ்சுடுச்சு. அதான் வாயைத் திறக்கல. தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ. தம்பியும் நல்லவனாவே செத்தவன்னு இருக்கும். நீயும் கொஞ்சம் யோசி."

ரைட்டு முப்பத்தொரு வருடமாக எல்லா வகை மனிதனுக்கும் டிக்கெட் கொடுத்தவர். இப்படி ஒருவனை எந்த ஸ்டாப்பிலும் ஏற்றிய ஞாபகம் அவருக்கு இல்லை.

அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள். டைம் கீப்பரின் பாக்கெட்டிலிருந்து அவளே ஒரு பேனாவை உருவினாள்.

"எங்க எழுதணும் மேடம்?"

"யோசிச்சு செய்ம்மா," என்றார் வக்கீலம்மா. "அவர் சொல்றதுல பாதி நிஜம். உன் தம்பி பேரு கோர்ட்ல வரும். பேப்பர்லயும் வரும்."

"அவன் கையெழுத்துதான். எழுதிக்கங்க. கடைசி எழுத்தோட காலை எப்பவும் மேல வளைப்பான். அடிச்சுக்கூடத் திருத்திப் பார்த்தேன், மாறல." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "செத்தவனுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது. எனக்கு உசுரோட இருக்கறவரு வேணும்."

இன்ஸ்பெக்டரின் ஜீப் வர இருபது நிமிடம் ஆனது. டைம் கீப்பரை ஏற்றியபோது அவர் கேட்டது ஒன்றுதான். "சாயங்கால ஷிஃப்ட்டுக்கு யாரு பொறுப்பு? சார்ட் முடிக்கலியே." தாழ்வாரத்தில் இருந்து யாரோ ஒரு டிரைவர் ஓடிவந்து, "சார், எனக்கு நாளைக்கு லீவு போட்டிருந்தீங்களே, அது உண்டா இல்லையா?" என்று ஜீப் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டில் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். கொலை வழக்குக் கிடையாது என்று உத்தரவு வந்துவிட்டது. வக்கீலம்மா கட்டிலருகே நின்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். ஏழாம் நம்பர் கண்ணைக் கூரையிலிருந்து எடுக்கவில்லை. கன்னத்தில் மயிர் மண்டிக் கிடந்தது. மேஜையில் வெட்டாத ஆப்பிள்கள் நான்கைந்து சுருங்கிக் கிடந்தன.

"முப்பது மணி நேரம் நாற்பது நிமிஷம்," என்றார் வக்கீலம்மா. "நடுவுல ரெண்டு தடவை ரெண்டு ரெண்டு மணி நேரம் பெஞ்சில சாஞ்சிருக்கீங்க. இது உங்க தப்பு இல்லேன்னு கோர்ட்டே சொல்லும்."

"அத்தைக்குத் தெரியுமா?" என்றான். ஐந்து நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை.

வாசலில் நின்றிருந்த அவன் மனைவி உள்ளே வந்தாள்.

"அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டுத்தான் வரேன்."

"என்ன சொன்னாங்க?"

"உனக்குப் புருஷன்தான் பெருசுன்னா எனக்குப் பொண்ணு செத்துட்டான்னாங்க. கதவைச் சாத்திட்டாங்க." கட்டிலில் உட்கார்ந்து அவன் போர்வையின் சுருக்கத்தை நீவ ஆரம்பித்தாள். "கொஞ்ச நாள் போனா சரியாயிடும்."

"நீ சொல்லியிருக்கக் கூடாது." அவன் குரலில் நன்றி இல்லை. கோபம்தான் இருந்தது. "அவன் பேரை ஒருத்தனும் தொடக் கூடாதுன்னுதான் அடி வாங்கிட்டுப் படுத்திருந்தேன். எனக்குன்னு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டே."

அவள் நீவிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க தூங்கிட்டீங்க," என்றாள். "அவ்வளவுதானே? வேணும்னா செஞ்சீங்க?"

ரைட்டு வக்கீலம்மாவின் முழங்கையைத் தொட்டார், போய்விடலாம் என்று. அதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். ஐந்து நாள் அடைத்து வைத்தது, நிறுத்த முடியாமல் வந்தது.

"ரிவர்ஸ் போட்டது ஞாபகம் இருக்கு. கண்ணாடியில அவன் கையைக் காட்டினது ஞாபகம் இருக்கு. அப்புறம் நம்ம வீடு. உள் ரூம்ல படுத்திருக்கேன். நீ தட்டறே. தினமும் விடியக்காலைல நாலு மணிக்குத் தட்டுவியே, அந்த மாதிரி. ரொம்ப நேரம் தட்டினே. முதல்ல பலமா. அப்புறம் மெதுவா. அது அவன். வண்டியோட பின் தகரத்துல ரெண்டு கையாலயும் தட்டியிருக்கான்." முறியாத கையால் கட்டில் சட்டத்தை மெல்லத் தட்டிக் காட்டினான். "எனக்கு அது கேட்டுச்சு. நீன்னு நினைச்சேன். இன்னும் அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு, ஆக்ஸிலேட்டர் மேல இருந்த காலை நல்லா நீட்டிப் படுத்தேன்."

அவள் கை போர்வை மேல் நின்றது.

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். நர்ஸ் வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்றாள். அவன் மனைவி எழுந்து, துணிப்பையைத் தோளில் மாட்டி, மேஜையில் இருந்த ஆப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்து மூலையில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு திரும்பி வந்து, பார்வையாளர் நேரம் முடிந்ததைக் காதில் வாங்காதவள் மாதிரி, அதே இடத்தில் உட்கார்ந்தாள்.